நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கியவர்

இல்லை, அவர் அந்த நிதி திரட்டும் நடையில் நடக்கவில்லை. படத்தில் நடப்பதுபோலத்தான் தெரிகிறது. முன்னும் பின்னும் மஞ்சள் பனியன் போட்ட மாணவர்கள். நடுவில் கறுப்பு புர்காவில் ஒரு பெண், இடக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி வேகமாக வருகிறார். அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய பஸ்ஸை அந்த நடை நிறுத்தியிருந்தது.

படத்தைப் பார்த்த பலர், ஷமீம் அக்காவும் நடந்தாரா என்று கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அவர் இறந்த செய்தி வந்ததும் அந்தப் படத்தோடுதான். செவ்வாய்க்கிழமை காலை. நானும் அப்பாவும் இருந்த காஞ்சிபுரம் பஸ் உத்திரமேரூர் நிறுத்தத்தில் நின்றது, கிளம்பியது. ஷமீம் அக்கா ஏறவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஷமீமு இன்னிக்கு வரலியா?"

என் போன் அதிர்ந்தது. அதே படம். இம்முறை சுற்றிலும் பூ பார்டர். கீழே, 'எங்களோடு நடந்தவர் எங்களைப் பிரிந்தார்' என்று ஒரு வரி. நடையை நடத்துகிற அறக்கட்டளை அனுப்பியிருந்தது. எங்களுக்குத் தெரியுமுன் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி? யார் சொன்னது? அந்த யோசனையில் துக்கம் சற்றுப் பின்தங்கிவிட்டது. ஷமீம் அக்காவிடம் இன்னொருவர் மரணத்தை இப்படிச் சொல்லியிருந்தால் அவரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

பஸ்ஸைத் திருப்பச் சொல்ல முடியாது. அன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். ஷமீம் அக்காவை அடக்கம் செய்தபோது அப்பா மெஷினில் இருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரமேரூர் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. தந்தைக்குப் பிறகு கடையை அவரும் தம்பி ஜாபரும் பார்த்துக்கொண்டார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு, செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வாழ்ந்தார். என் அப்பாவும் அப்படித்தான். நாங்கள் சாலவாக்கம் பக்கம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டுமென்று, படிப்பை முடித்ததும் சென்னையிலிருந்து ஊர் திரும்பினேன். சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு இருக்கிறது. போய்ச் சேருவதற்குத்தான் எதுவும் இல்லை. இரண்டு பஸ். திரும்பும்போது கால் நிற்காது, கண் இருட்டும். அதே இரண்டு பஸ்.

முதல் நாள் அவர் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். அப்பாவின் கையில் பிளாஸ்திரி இருந்தது. அதைக் காட்டிக் கேட்டார்.

"டயாலிசிஸா? எந்த ஷிப்டு?"

"காலைல" என்றார் அப்பா.

"எந்த மெஷினு?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும். படுன்னாங்க, படுத்தேன்."

"தெரிஞ்சிக்கணும் அண்ணா. படுன்னா படுத்துடறதா?"

அன்றிலிருந்து அப்பா அவருக்கு அண்ணா. நான் பாப்பா. அவர் அப்பாவுக்கு ஷமீமு, எனக்கு ஷமீம் அக்கா.

அவர் எதையும் நம்பாதவர். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். அவர் எடைக் கருவியையே நம்பமாட்டார். முதலில் வாட்ச்மேனை ஏறி நிற்கச் சொல்வார். "உன் வெயிட்டு எனக்குத் தெரியும். நீ நில்லு, அது இன்னா சொல்துன்னு பாக்கலாம்." வாட்ச்மேனும் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார். பாதி ஆஸ்பத்திரி அதைப் பார்த்துச் சிரிக்கும்.

ஒருமுறை புதிதாக வந்த நர்ஸிடம், ரத்தம் வடிகட்டுகிற ஃபில்டரில் வேறு யாருடையதையோ தனக்கு மாட்டுகிறாள் என்று சண்டை போட்டார். ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக் காட்டியபோது அது அவருடையதுதான். படுத்துக் கையை நீட்டிவிட்டார். அடுத்த முறை வரும்போது ஒரு பையிலிருந்து புதுச் செருப்பை எடுத்து அந்தப் பெண்ணின் கால் பக்கம் வைத்தார். "சைஸு சரியா கீதான்னு பாரு." மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. செருப்பு சரியாக இருந்தது.

இனி அந்த நடை.

போன வருடம். இரண்டாம் சனிக்கிழமை. உத்திரமேரூரைத் தாண்டுவதற்குள் போலீஸ் பஸ்ஸை நிறுத்திவிட்டது. முன்னால் சாலை முழுக்க மஞ்சள் பனியன்கள். பேண்டு வாத்தியம். கல்லூரி மாணவர்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள், ஒரே மாதிரி ஷூ போட்ட பெரியவர்கள். 'சிறுநீரகம் காப்போம்' என்று தட்டி. ஏரிக்கரை வரை நடந்து திரும்புகிறார்களாம்.

பஸ்ஸில் எங்கள் ஷிப்டைச் சேர்ந்தவர்கள் ஐந்தாறு பேர். நேரம் தவறினால் மெஷின் அடுத்தவருக்குப் போகலாம், அல்லது நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். நேரம் குறைந்தால் அப்பாவின் உடம்பு என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும். ராத்திரி படுக்கமுடியாது. உட்கார்ந்தபடி மூச்சு வாங்குவார்.

ஒரு பெண் சிரித்த முகத்தோடு பஸ்ஸில் ஏறினாள். மஞ்சள் பனியன். கழுத்தில் கிருபா என்று எழுதிய அட்டை. பின்னால் இரண்டு மாணவர்கள் கூடை தூக்கி வந்தார்கள். காத்திருக்கிற பயணிகளுக்குச் சிரமம் கொடுத்ததற்காக ஆளுக்கு ஓர் இளநீரும் வாழைப்பழமும்.

"கிட்னிக்கு ரொம்ப நல்லது, குடிங்க அண்ணா" என்று அப்பாவின் கையில் ஸ்ட்ரா போட்ட இளநீரை வைத்தாள்.

நல்ல சிறுநீரகத்துக்கு நல்லதுதான். எங்கள் வீட்டில் இளநீரும் வாழைப்பழமும் நின்று வெகுநாளாயிற்று. அதிலிருக்கும் பொட்டாசியத்தை இவர்கள் உடம்பு வெளியே தள்ளாது. சேர்ந்தால் இதயமே நின்றுபோகலாம். அப்பா இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் சீட்டிலிருந்து ஷமீம் அக்கா திரும்பாமலே சொன்னார்.

"அண்ணா, கீழ வை."

"வெக்கிறேன் இரு. கையிலயாச்சும் கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு இருக்கறேன்."

பிறகு ஷமீம் அக்கா அந்தப் பெண்ணைக் கேட்டார். "எதுக்கும்மா நடக்கறீங்க?"

"கிட்னி பேஷண்ட்ஸுக்காக அக்கா. டயாலிசிஸ் போறவங்களுக்கு ஒரு வேன் வாங்கித் தரணும்னு."

"டயாலிசிஸ் போறவங்கள எப்பனா பாத்துக்கிறியா?"

"இல்லக்கா. இனிமேதான் மீட் பண்ணணும்."

"பாத்துக்கோ. நாங்கதான்."

கிருபாவின் முகம் மாறியது. நடிப்பில்லை. அப்பாவின் கையிலிருந்து இளநீரை வாங்கிக்கொண்டு கீழே ஓடினாள். போலீஸ்காரரிடம் பேசினாள். திரும்பி வந்து, அறக்கட்டளைக் கார் வருகிறது, அதில் அனுப்பிவிடுகிறோம் என்றாள். கார் வரவில்லை. அதுவும் நடைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

ஷமீம் அக்கா எழுந்தார். "அண்ணா, உன்னால நடக்க முடியாது. நீ உக்காரு. நான் முன்னாடி போயி மெஷின புடிச்சி வெக்கிறேன்." டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை செய்த கை அவருக்கு இடக்கை. அதில் இடி படக்கூடாது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினார். அந்த நேரத்தில்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள்.

கூட்டத்தைக் கடந்து ஷேர் ஆட்டோ பிடித்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் படுக்கையில் ஒரு கைக்குட்டை கிடந்தது. அடுத்ததில் அவருடைய பை. அதற்கடுத்ததில் குடை. இன்னொன்றில் ஒற்றைச் செருப்பு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, எங்கள் எல்லோருக்கும் இடம் போட்டு வைத்திருந்தார். நர்ஸ் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "துண்டு போடலைன்னாலும் நாங்க வெயிட் பண்ணியிருப்போம்." அவர் அதையும் நம்பவில்லை. மற்றொரு காலில் செருப்போடு சுவரைப் பிடித்து நின்றிருந்தார். மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது.

சில மாதம் கழித்து, அடுத்த நடைக்கான போஸ்டர் பஸ் நிலையச் சுவரில் வந்தது. அவர் முகம். 'நோயை வென்று நடந்தவர்.' நான் கொதித்தேன். அறக்கட்டளைக்கு எழுதலாம் என்றேன். எனக்கு வார்த்தைகள் தயாராக இருந்தன. உதவி பெறுபவரின் உருவத்தை உதவுபவர் எடுத்துக்கொள்வது பற்றிப் பல்கலைக்கழகத்தில் நாள்கணக்கில் பேசியிருக்கிறோம்.

ஷமீம் அக்கா போஸ்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்கட்டும் பாப்பா. என் மூஞ்சி அவங்களாண்ட கீது. அத வெச்சி நான் ஒண்ணு கேக்கலாம் இல்ல."

கேட்டார். கிருபாவைக் கடைக்கு வரவழைத்து, என் எதிரில்தான் கேட்டார்.

"வேன் எங்கம்மா?"

கிருபா மறைக்கவில்லை. பனியன், மேடை, பேண்டு, காலை நாஷ்டா எல்லாம் போக மிஞ்சியது வேனுக்குப் போதவில்லை. அதை எடுத்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நடை நடந்தால் வாங்கிவிடலாம்.

"அப்ப அந்த பனியன் மேல ஏறி காஞ்சிவரம் போலாமா?"

கிருபாவும் சிரித்துவிட்டாள்.

"சரி, ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழம நடங்க. எங்களுக்கு அன்னிக்கு லீவு. யார் பஸ்ஸும் நிக்காது."

கேட்டுச் சொல்கிறேன் என்று போனாள். சனிக்கிழமைதான் என்று பிறகு தகவல் வந்தது. கல்லூரிகள் சனிக்கிழமை என்றால் மாணவர்களை அனுப்பும். ஞாயிறு என்றால் யாரும் வரமாட்டார்கள். பணம் தருகிற கம்பெனிகள் கூட்டத்தைப் பார்த்துத்தான் தருகின்றன. இதை நான் வெகுநாள் யோசித்தேன். நடப்பவருக்கு வலிக்கிறது, வியர்க்கிறது. அந்த வியர்வைக்கும் எங்கள் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? நடக்காமலே கொடுக்கலாமே. ஆனால் நடக்காமல் இதுவரை யாரும் கொடுக்கவும் இல்லை. இந்த இடத்தில் என் யோசனை நின்றுவிடும்.

ஒருவரைச் சொல்லவேண்டும். துரைசாமி என்று ராஜகுளத்துக்காரர், ஓய்வு பெற்றவர். அந்த நடையில் மஞ்சள் பனியனோடு நடந்தவர். நடை முடிந்த இரண்டாம் வாரம், சனிக்கிழமை, உத்திரமேரூர் நிறுத்தத்தில் காரோடு நின்றார். ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்தாராம். எங்களை ஏற்றிக்கொண்டு போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார்.

ஷமீம் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

"எதுக்கு வர்றாரு இவரு? எலெக்ஷன்ல நிக்கப் போறாரா?"

"அந்த வயசுலயா?" என்றார் அப்பா.

"அப்ப கிட்னி புரோக்கரா இருக்கும்."

"நம்ம கிட்னிய எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவான்? அது ஓடிச்சின்னா நாம ஏன் இவன் கார்ல ஏறப் போறோம்?"

ஷமீம் அக்கா சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. ஆனாலும் காரில் கதவோரம்தான் உட்காருவார், ஒரு கையைத் தாழ்ப்பாளிலேயே வைத்துக்கொண்டு.

சில மாதங்களில் துரைசாமியை அவர் மகன் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டார். கடைசி நாள் காரிலிருந்து இறங்கும்போது ஷமீம் அக்கா நேராகவே கேட்டார்.

"சார், நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அன்னிக்கி உங்க பஸ்ஸ நிறுத்தினதுல நானும் ஒருத்தன்மா" என்றார் அவர்.

கார் போன பிறகு ஷமீம் அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "அத்தினி பேரு நடந்ததுல ஒருத்தரு தேறினாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு நடக்க வரலின்னா நம்மள பாத்திருக்க மாட்டாரு இல்ல?" என்று கேட்டார். சந்தேகமாகத்தான் கேட்டார். இம்முறை சந்தேகம் தன் மேல்.

அதன் பிறகு மறுபடி பஸ். வெயில் காலத்தில் அவர் மிகவும் தளர்ந்தார். தண்ணீர் அளவோடுதான் குடிக்கலாம் என்பதால், தாகத்துக்குப் புளிப்பு மிட்டாய் வாயில் போட்டுக்கொள்வார். பஸ்ஸில் ஏறியதும் அப்பாவுக்கும் ஒன்று நீட்டுவார். கடைசியாகப் பார்த்த சனிக்கிழமை, இறங்கும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்க அப்பா திருட்டுத்தனமா தண்ணி குடிக்கறாரு. மூஞ்சி வீங்கிக்கீது. பாத்துக்கோ." நான் அப்பாவைப் பார்த்தேன். ஷமீம் அக்காவின் முகம் அதைவிட வீங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருக்கிற நீண்ட இடைவெளிக்குத்தான் இந்த நோயாளிகள் எல்லோரும் பயப்படுவார்கள். திங்கள் இரவு அவருக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை அவருடைய படுக்கையில் புதிதாக ஒரு பெண் இருந்தார். கணவர் சுவரோரம் பையோடு நின்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊசி குத்திய கையைத் தலைக்குக் கீழே மடித்துக்கொள்ளப் போனார். அப்பா தன் படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார். "கைய நீட்டி வையிம்மா. எந்த ஊரு?" அதற்குப் பிறகு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை ஜாபர் அண்ணன் கடைக்கு என்னை வரச்சொன்னார். கிருபாவும் வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. செய்தி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் சொன்னாராம், அவ்வளவுதான். அவள் கேட்க வந்தது இது: அடுத்த வாரம் சனிக்கிழமை நடை. அதை ஷமீம் அக்காவின் நினைவு நடையாக அறிவிக்க வேண்டும். அந்தப் படத்தைப் பெரிதாக வைக்கவேண்டும். அப்படிச் செய்தால் வேனுக்குக் குறைகிற தொகையைத் தர ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறது. குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

ஜாபர் அண்ணன் சொன்னார்: "அக்கா உயிரோட இருக்கறப்போ உங்களாண்ட ஒண்ணுதான் கேட்டாங்க. ஞாயித்துக்கிழம வெச்சிக்கோங்க. படத்த நானே கொண்டாந்து தர்றேன்."

"ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம் வராது அண்ணா. கூட்டம் இல்லேன்னா கம்பெனி பின்வாங்கிடும்."

"அப்ப படம் வேணாம்மா."

கிருபா தலையை ஆட்டினாள். எழுந்து வெளியே போனவள் என்னிடம் திரும்பி வந்தாள். "அப்படின்னா உங்க அப்பா வந்து கொடி அசைப்பாங்களா அக்கா? யாராவது ஒருத்தர் இருக்கணும். முடிஞ்சதும் கார்ல ஆஸ்பத்திரிக்கு நாங்களே கொண்டுபோய் விட்டுடறோம். அந்தக் கம்பெனிகிட்ட நான் பேசறேன்."

நான் வீடு போய்ச் சொல்வதற்கு முன்பே கிருபா என் அப்பாவுக்குப் போன் செய்ய, அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் வாக்குவாதம்.

"வண்டி வந்தா நல்லதுதான? எனக்கு மட்டுமா? அந்தப் புதுப் பொண்ணு கூட அதுல வரும்."

"வருமாப்பா?"

"வராதுன்னு உனக்கு யாரு சொன்னா? நீயும் ஷமீமு மாதிரியே பேசற."

"போன வருஷமும் கார் வருதுன்னுதான் சொன்னாங்க. நீங்க கொடிய அசைச்சிட்டு அங்கயே நின்னுட்டா?"

"ஒரு நாளு தான? கொஞ்சம் லேட்டானா செத்தா பூடுவேன்?"

சொன்ன பிறகு அவரே எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பா சொல்வதில் தவறில்லை. வேன் வரலாம். ஒரு முதியவர் கொடியை அசைத்துவிட்டு நடுச்சாலையில் காருக்குக் காத்திருப்பது, பல பேருக்குப் பல வருடத்துக்கு ஒரு வண்டியாக மாறலாம். நான் சந்தேகப்படுவதால் அது வராமலும் போகலாம். இதையெல்லாம் ஷமீம் அக்காவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி எழுதினால் நானும் ஒரு போஸ்டர் ஒட்டியவள் ஆவேன்.

எனக்குத் தெரிந்த ஷமீம் அக்கா இவர்தான்: பேண்டு சத்தத்துக்குள் யாரையும் பார்க்காமல், ஒரு கையை மார்போடு அணைத்தபடி, எங்களுக்கும் சேர்த்து அவசரப்பட்டவர். உங்களைப் பற்றித் தப்பாக எழுதியிருந்தால் கோபித்துக்கொள்ளுங்கள் அக்கா. இனி உங்களுக்குப் பஸ் இல்லை, ஊசி இல்லை, தாகமும் இல்லை. தூங்குங்கள்.

நடைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிருபாவுக்குப் போன் செய்து அப்பா வரமாட்டார் என்று சொன்னேன். புரிகிறது என்றாள். சனிக்கிழமை, சாலையை அடைக்குமுன் போகிற முதல் பஸ்ஸில் அப்பாவை ஏற்றினேன். காஞ்சிபுரம் வரை அவர் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக் கதவு இன்னும் திறக்காததால் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம்.